சீர்திருத்தம் தோற்ற பிறகு அதன் ஆட்கள் என்ன ஆனார்கள்? பிராக் 1968-ஐ வைத்து ஒரு பதில்

கேள்வி இது: ஆளுங்கட்சிக்குள்ளேயே பெரிய சீர்திருத்த முயற்சி ஒன்று கிளம்பி, அது முறியடிக்கப்பட்டால், அதில் இறங்கிய தலைவர்களும் உறுப்பினர்களும் ஆர்வலர்களும் பிறகு அரசியலில் என்ன ஆகிறார்கள்? அத்தோடு முடிந்துபோகிறார்களா, என்றாவது திரும்பி வருகிறார்களா?

நாடுநாடாக ஒப்பிட்டால் பதில் பொத்தாம்பொதுவாகப் போய்விடும். அதனால் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன்: 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த 'பிராக் வசந்தம்'. முறியடிப்புக்கும் 1989 ஆட்சி மாற்றத்துக்கும் நடுவில் அங்கே 21 ஆண்டுகள் ஓடின. தோற்றவர்கள், கட்சி மாறாமல் பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள், வெளிநாடு போனவர்கள், திரும்பி வந்தவர்கள் எல்லோருடைய பயணத்தையும் முழுதாகப் பார்க்க முடிகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசந்தத்தின்போது யார் எவ்வளவு தீவிரமாகச் சீர்திருத்தம் பேசினார் என்பது பின்னாளைய வாழ்க்கையை அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. இரண்டு விஷயங்கள் தீர்மானித்தன. ஒன்று, சோவியத் டாங்குகள் வந்த பிறகான ஒன்றரை ஆண்டில் அவர் எதில் கையெழுத்துப் போட்டார், எதில் போடவில்லை. இன்னொன்று, அப்போது அவருக்கு என்ன வயது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968 ஜனவரி 5 அன்று அலெக்சாண்டர் டுப்செக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் ஆனார். ஏப்ரலில் கட்சி ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. பத்திரிகைத் தணிக்கை கைவிடப்பட்டது, 1950-களில் பொய் வழக்குகளில் சிறை போனவர்களின் பெயரை மீட்கும் வேலை சூடுபிடித்தது, பொருளாதாரத்தில் சந்தைக்கு இடம் கொடுக்கும் பேச்சு எழுந்தது. கட்சி ஆட்சியைக் கவிழ்ப்பது அவர்கள் நோக்கமே இல்லை, கட்சியைச் சரிசெய்வதுதான் திட்டம். ஆகஸ்ட் 20 இரவு சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளிகளும் படைகளோடு உள்ளே வந்தன. டுப்செக்கையும் சகாக்களையும் பிடித்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 26 அன்று அங்கே ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்தக் கையெழுத்திலிருந்துதான் கதை பிரிகிறது. ஒருவர் மட்டும் போட மறுத்தார், ஃபிரான்டிசெக் கிரீகல். தொழில் மருத்துவம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படைக்கும், பிறகு சீனாவிலும் மருத்துவராகப் பணிபுரிந்தவர். அவரை மட்டும் மாஸ்கோவிலேயே நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். அவர் இல்லாமல் நாங்கள் கிளம்ப மாட்டோம் என்று மற்றவர்கள் பிடிவாதம் பிடித்ததால்தான் ஊர் திரும்பினார். அக்டோபர் 18 அன்று சோவியத் படைகள் நாட்டில் தங்குவதற்கான ஒப்பந்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவு 228, எதிர்ப்பு 4, நடுநிலை 10. அந்த நான்கில் ஒன்று கிரீகலுடையது.

பொதுவாகப் பேசுகிறவர்கள் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். டாங்க் வந்த மறுநாளே எல்லோரும் பதவி இழந்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். அப்படி நடக்கவில்லை. டுப்செக் இன்னும் எட்டு மாதம் கட்சித் தலைவராகவே இருந்தார். ஒல்ட்ரிச் செர்னிக் 1970 ஜனவரி வரை பிரதமர். மாஸ்கோவுக்கு அவசரம் இல்லை. விட்டுக்கொடுக்க வேண்டியதை எல்லாம் சீர்திருத்தவாதிகள் கையாலேயே விட்டுக்கொடுக்க வைப்பது அவர்களுக்கு இன்னும் வசதி. 'நாம் போய்விட்டால் இதைவிட மோசமானவர்கள் வருவார்கள்' என்பதுதான் டுப்செக் தரப்பின் சமாதானம். இப்படிச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார்கள்.

இதன் உச்சம் 1969 ஆகஸ்ட். படையெடுப்பின் முதல் ஆண்டு நினைவுநாளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை அடித்து விரட்டியது சோவியத் படை அல்ல, உள்ளூர் போலீசும் ராணுவமும் மக்கள் படையும்தான். ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாளே ஓர் அவசரச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் கூடுதல் நாள் காவலில் வைக்கலாம், வேலையிலிருந்து தூக்கலாம், கல்லூரியிலிருந்து நீக்கலாம். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'தடியடிச் சட்டம்'. அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், அப்போது கூட்டாட்சி நாடாளுமன்றத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் டுப்செக். அவருக்கு எதிராக இன்றுவரை சொல்லப்படுகிற குற்றச்சாட்டுகளில் கனமானது இதுதான். நியாயமான குற்றச்சாட்டு என்றே நான் நினைக்கிறேன். அவருடைய நல்லெண்ணத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தக் கையெழுத்தால் அவருக்குப் பதவியும் நிலைக்கவில்லை. அக்டோபரில் நாடாளுமன்றத் தலைமை போனது. 1970 ஜனவரியில் துருக்கிக்குத் தூதராக அனுப்பினார்கள். அங்கிருந்து மேற்கே ஓடிவிடுவார், தொல்லை விட்டது என்று எதிர்பார்த்தார்கள் என்பது பரவலான கணிப்பு. அவர் ஓடவில்லை, திரும்பி வந்தார். அந்தக் கோடையிலேயே கட்சியிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் பிராட்டிஸ்லாவாவில் வனத்துறையில் சாதாரண வேலை, வீட்டு வாசலில் உளவுப் போலீஸ்.

இதெல்லாம் தலைவர்கள் கதை. கட்சி உறுப்பினர்களின் கதை வேறு. உண்மையில் உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம்.

1970-இல் 'கட்சி அட்டை மாற்றம்' என்று ஒரு காரியம் நடந்தது. பெயரைப் பார்த்தால் ரேஷன் கார்டு புதுப்பிக்கிற மாதிரி இருக்கும். நடந்தது ஒரு மாபெரும் சலித்தெடுப்பு. சுமார் 15 லட்சம் உறுப்பினர்கள் இருந்த கட்சி அது. ஒவ்வொருவரும் ஒரு குழுவின் முன்னால் உட்கார வேண்டும். 1968-இல் என்ன செய்தீர்கள், எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினீர்கள் என்று கேட்பார்கள். கடைசியில் எல்லாம் ஒரே கேள்விக்கு வந்து நிற்கும்: நட்பு நாடுகளின் படைகள் வந்ததை ஏற்கிறீர்களா? 'ஆமாம், அது சகோதர உதவி' என்று சொன்னால் புது அட்டை. முன்பு எவ்வளவு ஆடியிருந்தாலும் 'குழம்பிப்போயிருந்தேன்' என்று ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் மன்னிப்பு உண்டு. 'இல்லை' என்று சொன்னாலோ, மழுப்பினாலோ அட்டை கிடையாது.

இப்படிச் சுமார் 3 லட்சத்து 27 ஆயிரம் பேர் வெளியே போனார்கள். இதற்கு முன்பே தாமாக அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர்கள் தனி. எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். நீக்கியதிலும் இரண்டு தரம் வைத்திருந்தார்கள். 'வெளியேற்றம்' என்றால் எதிரி என்று முத்திரை. 'பெயர் அடிப்பு' என்றால் கொஞ்சம் லேசானது, உறுப்பினர் பதவி போகும், பகைவன் என்ற பட்டம் இருக்காது. பெரும்பாலானோருக்குக் கிடைத்தது இரண்டாவது. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். பேராசிரியர் ஒருவர் சிறு அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர முடிந்ததா, இல்லை பாய்லர் அறையில் கரி அள்ளிப்போட வேண்டியிருந்ததா என்பது பல சமயம் அதைப் பொறுத்தே இருந்தது. பிள்ளைகளின் கல்லூரி இடமும் இதில் மாட்டிக்கொண்டது. அப்பா 'இல்லை' என்று சொன்னதற்கு மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்படும். எத்தனையோ பேர் தங்களுக்காக அல்ல, பிள்ளைகளுக்காகத்தான் 'ஆமாம்' சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்சியைத் தாண்டிப் பிரபலமானவர்களையும் இதே சல்லடையில்தான் போட்டார்கள். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஓட்டக்காரர் எமில் ஜாட்டோபெக் ராணுவத்தில் கர்னல். படையெடுப்பை வெளிப்படையாக எதிர்த்தார். ராணுவப் பதவியும் கட்சி அட்டையும் போயின. நில ஆய்வுக்காகத் துளைபோடும் குழுவோடு ஊர் ஊராக அலைந்தார். சில ஆண்டுகளில் தன் நிலையிலிருந்து பகிரங்கமாகப் பின்வாங்கினார். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா சீர்திருத்தத்தை ஆதரித்த 'இரண்டாயிரம் சொற்கள்' என்ற 1968 அறிக்கையில் கையெழுத்திட்டவர். அதைத் திரும்பப் பெறச் சொன்னபோது கடைசிவரை மறுத்துவிட்டார். பல ஆண்டுகள் அவரை ஒதுக்கியே வைத்தார்கள். 1989-க்குப் பிறகு ஜனாதிபதியின் ஆலோசகர், ஒலிம்பிக் குழுவின் தலைவர் என்று அவருக்குப் பொறுப்புகள் வந்தன. ஜாட்டோபெக்குக்கு அன்பு குறையவில்லை, பொதுப் பதவி எதுவும் வரவில்லை. கையெழுத்து என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, யார் மேலே ஏறினார்கள்? தொடக்கத்திலிருந்தே சீர்திருத்தத்தை எதிர்த்தவர்கள்தான் ஏறியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். சோவியத் தலையீட்டைக் கேட்டு ரகசியக் கடிதம் கொடுத்த வாசில் பிலாக் போன்றவர்களுக்கு நல்ல இடங்கள் கிடைத்தன, உண்மைதான். ஆனால் முதல் இடம் அவர்களுக்குப் போகவில்லை. டுப்செக்கின் நாற்காலிக்கு 1969 ஏப்ரலில் வந்தவர் குஸ்தாவ் ஹுசாக். அவரே 1950-களில் பொய் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 1960 வரை சிறையில் இருந்தவர். 1968-இல் துணைப் பிரதமராகச் சீர்திருத்த அணியில் இருந்தவர். அந்த ஆகஸ்ட் கடைசியில் நடந்த ஸ்லோவாக் கட்சி மாநாட்டில், டுப்செக்கோடுதான் நான் என்று பேசியவர். எட்டே மாதத்தில் அவர் இடத்தில் உட்கார்ந்தார். 1975-இலிருந்து ஜனாதிபதியாகவும் இருந்தார். லுபோமிர் ஷ்ட்ரோகலும் 1968-இல் துணைப் பிரதமர், பிறகு 1970 முதல் 1988 வரை பிரதமர். அட்டை மாற்றத்தின்போது கட்சியின் கட்டுப்பாட்டு ஆணையத்துக்குத் தலைவராக இருந்து சலித்தெடுப்பை நடத்திய மிலோஷ் யாகேஷ், 1987 டிசம்பரில் ஹுசாக்குக்குப் பிறகு கட்சித் தலைவரே ஆனார்.

நடுவில் நின்றவர்களை மேலே ஏற்றுவது மாஸ்கோவுக்குத் தெரிந்த வித்தை. ஹங்கேரியில் 1956-இல் இம்ரே நாகியின் அரசில் அமைச்சராக இருந்த யானோஷ் காதார்தான் அந்த எழுச்சியை நசுக்கிய பிறகு 1988 வரை ஆண்டார். நாகியை 1958-இல் தூக்கில் போட்டார்கள். ஹுசாக்கிடம் ஒன்றை மட்டும் நல்லதாகச் சொல்லலாம்: 1968-இன் தலைவர்களில் யாரையும் தூக்குக்கு அனுப்பவில்லை. 1950-களை உள்ளேயிருந்து பார்த்தவர் என்பதால் இருக்கலாம். சிறைக்கு அனுப்புவதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. 1972-இல் வரிசையாக வழக்குகள் நடந்தன. கட்சிக் கல்லூரியின் முன்னாள் தலைவர் மிலான் ஹுப்ல், பிர்னோவில் கட்சிப் பொறுப்பில் இருந்த யாரோஸ்லாவ் ஷாபாதா ஆகியோருக்கு ஆறரை ஆண்டுத் தண்டனை. இந்த ஹுப்ல், ஹுசாக் மேலே வர ஒரு காலத்தில் துணை நின்றவர். அரசியலில் நன்றிக்கு அவ்வளவுதான் ஆயுள்.

1968-இல் மக்களிடம் டுப்செக்குக்கு நிகராகச் செல்வாக்கோடு இருந்த நாடாளுமன்றத் தலைவர் யோசெஃப் ஸ்மர்கோவ்ஸ்கி 1974-இல் புற்றுநோயில் இறந்தார். அவருடைய அஸ்திக் கலசம் கல்லறையிலிருந்து காணாமல் போய், ஆஸ்திரியா போகும் ரயிலின் கழிப்பறையில் கிடைத்தது. செத்த பிறகும் பயந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வெளிநாடு போனவர்களைப் பற்றிக் கொஞ்சம். பொருளாதாரச் சீர்திருத்தத்தின் மூளையான ஓட்டா ஷிக் சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தொலைக்காட்சியின் தலைவராக இருந்த யிரி பெலிக்கான் ரோமில் தங்கி ஒரு புலம்பெயர் இதழ் நடத்தினார். 1979-இல் இத்தாலிய சோஷலிஸ்ட் கட்சி அவரை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே அனுப்பியது. புலம்பெயர்ந்தவர்களில் உண்மையான தேர்தல் அரசியல் செய்தவர் என்று இவரைத்தான் சொல்ல முடியும். ஆனால் அது வேறு நாட்டுக்காரர்களின் ஓட்டு.

ஸ்டெனெக் ம்லினாரின் கதை தனி ரகம். கட்சிச் செயல்திட்டத்தின் அரசியல் பகுதியை எழுதியவர்களில் முக்கியமானவர். 1950-களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் சட்டம் படித்தபோது விடுதியில் இவருடைய நண்பர், மிகைல் கோர்பசேவ் என்ற ஸ்தாவ்ரபோல் பையன். 1968 நவம்பரிலேயே ம்லினார் தலைமையிலிருந்து விலகி, பிராக் தேசிய அருங்காட்சியகத்தின் பூச்சியியல் பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டுகள் சேகரிப்பது அவருக்குப் பழைய பொழுதுபோக்கு. 1977-இல் ஆஸ்திரியாவுக்குப் போக நேர்ந்தது. எட்டு ஆண்டு கழித்து அந்தப் பழைய நண்பர் சோவியத் ஒன்றியத்தின் தலைவரானார். 1987-இல் கோர்பசேவ் பிராக் வந்தபோது, உங்கள் 'பெரெஸ்த்ரோய்கா' சீர்திருத்தத்துக்கும் டுப்செக்கின் வசந்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். சோவியத் பேச்சாளர் கெராசிமோவ் சொன்ன பதில்: பத்தொன்பது ஆண்டுகள்.

இனி, நாட்டை விட்டுப் போகாமல் தலை நிமிர்ந்து நின்றவர்கள். 1977 ஜனவரியில், மனித உரிமைகளை மதிக்கச் சொல்லி அரசைக் கேட்ட 'சாசனம் 77' என்ற அறிக்கை வெளிவந்தது. அதன் முதல் மூன்று பேச்சாளர்கள் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், தத்துவப் பேராசிரியர் யான் பதோச்கா, 1968-இல் வெளியுறவு அமைச்சராக இருந்து ஐ.நா. பாதுகாப்புச் சபையில் படையெடுப்பைக் கண்டித்த யிரி ஹாயெக். கையெழுத்திட்டவர்களில் முன்னாள் கம்யூனிஸ்டுகள் பெரும் பங்கினர். கிரீகல் போட்டார், ம்லினார் போட்டார், சிறையிலிருந்து வெளியே வந்திருந்த ஷாபாதா போட்டார். டுப்செக் போடவில்லை. அவர் கட்சிக்கும் நாடாளுமன்றத்துக்கும் தனியாகக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். அவை மேற்கில் அச்சானபோது ஹுசாக் கொதித்து, விருப்பமானால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்ற பொருளில் மேடையில் பேசினார். கட்சி ஒருநாள் தன் தவற்றை உணர்ந்து தன்னைத் திரும்ப அழைக்கும் என்று டுப்செக் உள்ளூர நம்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிரீகல் அந்த நம்பிக்கையை மாஸ்கோவிலேயே விட்டுவிட்டு வந்தவர்.

சாசனத்துக்குள்ளும் உரசல் இருந்தது. கட்சி அட்டையே வைத்திராதவர்களுக்கு, 1948-இல் ஜனநாயகத்தைப் பறித்த ஆட்களும் இவர்கள்தானே என்ற கசப்பு. மறுபக்கம், நாங்கள் இழந்ததைப் பாருங்கள் என்ற வாதம். இரண்டுமே உண்மை. ஒன்றாகச் சிறைக்குப் போனதால் கொஞ்சம் ஆறியதே தவிர இந்தக் கசப்பு தீரவில்லை. 1990-க்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1989 நவம்பர் 24. வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மாடத்தில் ஹாவெலோடு டுப்செக் வந்து நின்றார். கீழே கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. அன்று மாலையே கட்சித் தலைமை ராஜினாமா செய்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அடுத்த ஜனாதிபதி டுப்செக் என்றே தோன்றியிருக்கும். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற மாணவர்கள் 1968-க்குப் பிறகு பிறந்தவர்கள். 'மனித முகத்தோடு சோஷலிசம்' என்ற 1968-இன் முழக்கம் அவர்களுக்கு அப்பா அம்மா காலத்துப் பேச்சு. பேச்சுவார்த்தையில் ஏற்பாடு இப்படி முடிந்தது: டிசம்பர் 28 அன்று டுப்செக் நாடாளுமன்றத் தலைவர், மறுநாள் ஹாவெல் ஜனாதிபதி. ஹாவெலைத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் பழைய கம்யூனிஸ்டுகள். அந்த அவையை டுப்செக் போன்ற ஒருவர் நடத்திக்கொடுத்தால்தான் காரியம் சுமுகமாக முடியும். தோற்ற சீர்திருத்தத்தின் ஆட்களுக்கு 1989-இல் கிடைத்த வேலை பெரும்பாலும் இதுதான். இரு தரப்பையும் சேர்த்துவைக்க அவர்கள் தேவைப்பட்டார்கள். சேர்ந்த பிறகு தேவைப்படவில்லை.

சிலருக்கு அந்தத் தேவைப்பட்ட காலம் கொஞ்சம் நீண்டது. வானொலிச் செய்தியாளராக இருந்து கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, சிறைக்கும் போய், பாய்லர் அறையில் வேலை பார்த்த யிரி டீன்ஸ்ட்பியர் வெளியுறவு அமைச்சரானார். 1989 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷரோடு சேர்ந்து எல்லை முள்வேலியை வெட்டிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஷாபாதா அமைச்சராக ஆனார். 1968 வரை கட்சியில் இருந்த பீட்டர் பிட்ஹார்ட் 1990 முதல் 1992 வரை செக் பகுதியின் பிரதமர்.

அப்புறம் அலை திரும்பியது. நிதியமைச்சர் வாட்ஸ்லாவ் கிளவுஸ் கட்சியில் ஒருபோதும் இல்லாதவர். சோஷலிசமும் வேண்டாம், கலப்படமும் வேண்டாம், நேரடியாகச் சந்தை என்பது அவர் நிலைப்பாடு. மூன்றாவது வழி என்பது மூன்றாம் உலகத்துக்குப் போகிற வேகமான வழி என்று அவர் கேலி செய்தார். அந்த மூன்றாவது வழிதான் ஓட்டா ஷிக்கின் வாழ்நாள் வேலை. ஷிக் சுவிட்சர்லாந்திலேயே இருந்து 2004-இல் காலமானார்.

1991 அக்டோபரில் வந்த 'லுஸ்ட்ராட்சி' சட்டம் இன்னொரு திருப்பம். பழைய ஆட்சியில் மாவட்ட அளவிலும் அதற்கு மேலும் கட்சிச் செயலாளராக இருந்தவர்கள், உளவுப் போலீசுக்கு வேலை செய்தவர்கள் முக்கிய அரசுப் பதவிகளுக்கு வரக் கூடாது என்பது சட்டம். அதில் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: 1968 ஜனவரி 1 முதல் 1969 மே 1 வரை மட்டும் அந்தக் கட்சிப் பதவிகளில் இருந்தவர்களுக்குத் தடை இல்லை. வசந்தத்துக்குச் சட்டமே தேதி குறித்துக் கொடுத்தது. ஆனால் 'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சீர்திருத்தத் தலைவர்களில் முக்கியமானவர்கள் எல்லோரும் 1968-க்கு முன்பே கட்சியில் படிப்படியாக ஏறி வந்தவர்கள். டுப்செக் உட்பட. தூய்மையானவர்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட விதி, சீர்திருத்தத்தை உண்மையில் நடத்தியவர்களுக்கு உதவவில்லை. நாடாளுமன்றத் தலைவர் என்ற முறையில் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட டுப்செக் மறுத்தார். 1969-இல் செய்திருக்க வேண்டிய மறுப்பை 22 ஆண்டு கழித்துச் செய்தார் என்று எதிரிகள் சொல்லலாம். நான் அதை அவர் கணக்கில் வரவாகவே எழுதுவேன்.

1992 ஜூன் தேர்தலில் டீன்ஸ்ட்பியரின் குடிமக்கள் இயக்கம் நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான 5 சதவீதத்தைத் தொடவில்லை. உள்ளே இருந்த ஒட்டுமொத்த அணியும் ஒரே நாளில் வெளியே. டுப்செக் ஸ்லோவாக்கியாவில் சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஜெயித்தார். செப்டம்பர் 1 அன்று பிராக் போகும் வழியில் மழையில் கார் விபத்து. நவம்பர் 7 அன்று இறந்தார். ம்லினார் 1996-இல் ஒரு சிறிய இடதுசாரி அணியில் நின்று தோற்று, மறு ஆண்டு காலமானார். டீன்ஸ்ட்பியர் பொறுமையாக இருந்து 2008-இல் செனட்டர் ஆனார். மூன்று ஆண்டுக்குள் இறந்துவிட்டார்.

வயது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 1968-இல் டுப்செக்குக்கு 46 வயது. கதவு மறுபடி திறந்தபோது 68. அவர் தலைமுறை முழுவதற்கும் உழைக்கும் காலம் அந்த இடைவெளியில் போய்விட்டது. 1968-இல் இருபதுகளில் இருந்தவர்களின் கணக்கு வேறு. பாவெல் ரிகெட்ஸ்கி என்ற இளம் சட்ட அறிஞர் 1960-களின் பிற்பாதியில் கட்சியில் இருந்தார், படையெடுப்புக்குப் பின் வெளியேறினார், சாசனத்தில் கையெழுத்திட்டார். 2003 முதல் 20 ஆண்டுகள் செக் அரசியல் சாசன நீதிமன்றத்தின் தலைவர். பிட்ஹார்ட் இரண்டு முறை செனட் தலைவர். இதே ஆட்களுக்கு 1968-இல் பத்து பதினைந்து வயது கூடியிருந்தால் வனத்துறையிலோ பூச்சியியல் பிரிவிலோ கதை முடிந்திருக்கும்.

இவர்களில் எல்லோரையும்விட மேலே போனவர் வீரக் கதைகளில் இடம்பெறாதவர். மிலோஷ் ஜெமன், 1944-இல் பிறந்தவர். வசந்தத்தின்போது, 1968-இல்தான் கட்சியிலேயே சேர்ந்தார். 1970-இல் படையெடுப்பை ஏற்கவில்லை என்று நீக்கப்பட்டார். சாசனத்தில் அவர் பெயர் இல்லை. சிறைக்கும் போகவில்லை. பொருளாதாரக் கணிப்பு வேலைகளில் காலம் தள்ளினார். 1989 கோடையில் ஆட்சியின் பொருளாதாரத்தை விமர்சித்து ஒரு கட்டுரை எழுதி வேலை இழந்தார், சில மாதத்தில் புரட்சி வந்தது. 1993-இல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர், 1998 முதல் 2002 வரை பிரதமர், 2013 முதல் 2023 வரை ஜனாதிபதி. டுப்செக்கிடம் கைகூடாத நாற்காலியில் பத்து ஆண்டு உட்கார்ந்தவர், வசந்தத்தின் கடைசி சில மாதங்களை மட்டும் கட்சிக்குள் இருந்து பார்த்த இளைஞர். இழந்தது குறைவு, வயதும் கைகொடுத்தது.

சீனாவிலும் இப்படி ஒரு படம் உண்டு. 1989 மே 19 அதிகாலை தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்களிடம் கட்சித் தலைவர் ஜாவ் ஜியாங் ஒலிபெருக்கியில் பேசுகிறார், பின்னால் அவருடைய அலுவலகத் தலைவர் நிற்கிறார். ஜாவ் 2005-இல் சாகும்வரை வீட்டுக் காவலில் இருந்தார். பின்னால் நின்ற வென் ஜியாபாவ் 2003-இல் பிரதமர் ஆனார். அங்கே ஆட்சி மாறவே இல்லை என்பதால் திரும்பி வர ஒரே வழி, போகாமல் இருப்பதுதான்.

உங்கள் கேள்வியில் 'ஆர்வலர்கள்' என்றும் இருந்ததால் ஷாபாதா குடும்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தந்தை கட்சிக்காரர். மகள் அன்னா கல்லூரி மாணவியாக இருந்தபோதே துண்டறிக்கைகள் பரப்பியதற்காக 1970-களின் தொடக்கத்தில் சிறை போனார். பிறகு சாசனத்தில் சேர்ந்து அதன் பேச்சாளராகவும் இருந்தார். தந்தையின் அமைச்சர் பதவி 1992-ஓடு முடிந்தது. மகள் 2014 முதல் 2020 வரை செக் குடியரசின் மக்கள் குறைகேட்பு ஆணையராக இருந்தார்.